முந்நூற்றுப் பதினெட்டாம் நம்பர் பை

கேகாலை,
பெப்ரவரி 9.

அன்புள்ள திரேசாவுக்கு,

இங்கு நான் சுகம். வத்தளையில் நீயும் உன் தங்கை ஸ்டெபானியும் அவள் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. ஆறு வாரம் அடித்துப் பார்த்துவிட்டு, கடிதத்தைக் கட் பண்ண முடியாதே என்று இந்தப் பேனையை எடுத்தேன். கிழிப்பதாக இருந்தாலும் வாசித்துவிட்டுக் கிழி.

எனக்கு மாவனல்லையில் ஒரு கடை கட்டும் மேசன் வேலை கிடைத்திருக்கிறது. காலை பஸ்ஸில் போய்ப் பின்நேரம் வந்துவிடுகிறேன். மலையில் வெடிப்பு விழுந்ததால் நம்மைத் தோட்டத்து லயத்திலிருந்து இறக்கி இந்த மாடிவீட்டில் வைத்தார்கள் அல்லவா, மழை பெய்தால் இப்போது பயமில்லை. ஆனால் வேறொரு தொல்லை வந்திருக்கிறது. குப்பை.

இந்த வருஷம் முதல் மாடிவீடுகளும் கடைகளும் குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சாப்பாட்டு மிச்சத்துக்குப் பச்சை வாளி, பேப்பருக்கு நீலப் பை, பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள் பை. கீழே நுஹ்மான் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கும் இதே சட்டம்தான். எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் பேர் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் டிராக்டர் வரும். பிழையாகப் பிரித்த பையை எடுக்க மாட்டார்கள், சிவப்புத் துண்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று சிவப்புத் துண்டு விழுந்தால், நம் பிளாக்கின் இருபத்துநாலு வீட்டுக்கும் ஒரு வாரம் டிராக்டர் வராது.

லயத்தில் காய்கறித் தோல் வாழையடிக்குப் போனது. மீன் தலையை நாய் தின்றது. பேப்பர் அடுப்புக்குப் போனது. குப்பை என்று ஒன்று நம் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. பழக்கதோஷத்தில் போன கிழமை மரவள்ளித் தோலை ஜன்னலால் வீசிவிட்டேன். அது கீழ்வீட்டுச் சுதாகரனின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. அவர்தான் இந்த பிளாக் கமிட்டிக்குச் செயலாளர். மறுநாள் மீன் தலையைப் பேப்பரில் சுற்றி நீலப் பையில் போட்டு முதல் சிவப்புத் துண்டையும் வாங்கினேன். “ஏன் தம்பி, மீன் தலையெல்லாம் பேப்பர் வாசிக்குமா?” என்று மேல்வீட்டுச் சுப்பம்மா அக்கா கேட்டாள். மாடிப்படி முழுக்கச் சிரிப்பு.

பையில் ‘எம். ரெஜினோல்ட், 2/4’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் என் பேர் எழுதி ஒட்டிய ஒரே சாமான் இந்தக் குப்பைப் பைதான்.

நீ கொழும்பில் பெரிய அபார்ட்மென்டில் துப்புரவு வேலைக்குப் போவதாகவும், அங்கே நாள் முழுக்கக் குப்பை பிரிப்பதுதான் வேலை என்றும் ஸ்டெபானி சொன்னாள். ஆகையால் உன்னிடமே கேட்கிறேன். பால்மா பைக்கெட் எந்தப் பையில் போவது? உள்ளே வெள்ளி, வெளியே பிளாஸ்டிக். எனக்கு விளங்கவில்லை.

நீ வேலைக்காகப் போயிருக்கிறாய் என்றுதான் இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அன்று நடந்ததைப் பற்றி இதில் எழுதவில்லை. எழுதினால் நான் செய்தது சரி என்றுதான் எழுதுவேன், உனக்குக் கோபம் வரும்.

இப்படிக்கு,
ரெஜினோல்ட்.


கேகாலை,
பெப்ரவரி 26.

அன்புள்ள திரேசாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மொத்தம் மூன்று வரி. பால்மா பைக்கெட்டை வெட்டி, உள்ளே கழுவி, காயவைத்துச் செம்மஞ்சள் பையில் போடுங்க. யோகட் கப்பும் அப்படித்தான். உடைந்த கண்ணாடியைத் தடித்த பேப்பரில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதி வையுங்க, எடுக்கிறவளுக்கும் கைதானே. அவ்வளவுதான். சுகமா என்று ஒரு சொல் இல்லை. ஆனாலும் நாலைந்து தரம் வாசித்தேன். அந்தக் கடைசி வரியை எழுதிய கையில் காயம் ஏதும் உண்டா என்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

நீ சொன்னபடியே செய்தேன். கொடியில் இப்போது என் சட்டையோடு பால்மா பைக்கெட்டும் காய்கிறது.

போன சனிக்கிழமை பிரதேச சபையிலிருந்து பஸ்லியா மிஸ் வந்து, கீழே முற்றத்தில் எல்லாரையும் இருத்தி வகுப்பு எடுத்தார். நல்ல மனுசி, தமிழும் சிங்களமும் மாறி மாறிப் பேசுவார். சிறுபிள்ளைகளுக்குப் போல வாளியைக் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாங்க றப்பர்த் தோட்டத்து ஆளுங்க மிஸ், பிரிக்கிறது எங்களுக்குப் புதுசில்ல” என்றேன். சிரட்டையில் நிற்கும் பால் வேறு, சிரட்டையில் காய்ந்த கட்டி வேறு, மரத்து வெட்டில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் வேறு, மண்ணில் விழுந்தது வேறு, ஒன்றோடு ஒன்று கலந்தால் நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெரிய பேச்சே பேசினேன். மிஸ் சந்தோஷப்பட்டு, “நீங்க எத்தனை வருஷம் பால் வெட்டினீங்க?” என்று கேட்டார்.

நான் ஒரு நாள்கூட வெட்டியதில்லையே. “நான் இல்ல மிஸ், என் வீட்டுக்காரி. இருபத்திரெண்டு வருஷம்” என்றேன். அவர் கையிலிருந்த லிஸ்டைப் பார்த்துவிட்டு, “அவங்க பேர் என்ன? இதில இல்லையே” என்றார். லிஸ்டை வாங்கி நானும் பார்த்தேன். இருபத்துநாலு பேர். அதில் ஒரே ஒரு பெண், சுப்பம்மா அக்கா. மற்றதெல்லாம் ஆண்கள். பாதிப் பேர் என்னைப் போல மேசன், லொறி, கடை என்று வெளிவேலை பார்த்தவர்கள். பொண்டாட்டி பேர் தோட்டத்தில் பதிந்ததால் லயத்தில் காம்பரா கிடைத்துப் படுத்தவர்கள்.

வெட்கமாக இருந்தது திரேசா. வேறு சொல் இல்லை.

இனி அன்று நடந்ததை எழுதுகிறேன். மாடிவீடு கொடுப்பதற்காகக் கிராம சேவகர் லயத்துக்குக் கணக்கெடுக்க வந்தபோது நீ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாய். வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் என் பேரைச் சொன்னேன். நோனாவின், அதாவது உன், பேரையும் சேர்க்கவா என்று அவர் கேட்டதற்கும், “ஓனே நே மாத்தயா, மகே நம எத்தி” என்றேன். வேண்டாம், என் பேரே போதும் என்று. உனக்கும் எனக்கும் நன்றாக விளங்கிய சிங்களம். எல்லா வீட்டிலும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். நீ கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். மாடிவீட்டுக்கு வந்து இரண்டு கிழமை இருந்தாய். பிறகு, “எம் பேரு இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாய்.

கல்யாணம் முடித்து ஒரு சூட்கேசோடு உன் காம்பராவுக்கு வந்தவன் நான். தோட்டத்தில் உன் பேர் பதிந்த நம்பர் 318. அந்த நம்பர் இல்லாவிட்டால் எனக்குத் தலைசாய்க்க இடம் இருந்திருக்காது. அந்த லயத்துக்குப் பதிலாகத்தான் இந்த வீடு.

போன செவ்வாய்க்கிழமைப் பைகளில் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, மார்க்கர் பேனையால் 318 என்று எழுதி வைத்தேன். டிராக்டர்க்காரர் இந்த நம்பரில் வீடு இல்லை என்று இரண்டாவது சிவப்புத் துண்டை ஒட்டிவிட்டுப் போனார். நாளைக்கும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

லயத்திலிருந்து கொண்டுவந்த சாக்குகளைப் பிரித்தபோது உன் பால் வெட்டும் கத்தி கிடைத்தது. இரும்புச் சாமானுக்குத் தனிச் சாக்கு இருக்கிறது. நான் போடவில்லை. எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரெஜினோல்ட்.


கேகாலை,
மார்ச் 17.

அன்புள்ள திரேசாவுக்கு,

கை சுகம் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். சந்தோஷம். நீ எழுதாமல் விட்டதை நான் கேட்கவில்லை.

இங்கே மூன்றாவது சிவப்புத் துண்டும் விழுந்தது. ஒரு வாரம் டிராக்டர் வரவில்லை. வெயில் வேறு. பச்சை வாளிகளைச் சுற்றிக் காகமும் ஈயும். நுஹ்மான் நானா கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். சுதாகரன் கூட்டம் போட்டார். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, தப்பு என்னுடையதுதான், 318 என் வீட்டுக்காரியின் நம்பர், அவள் பேரை நான் எழுதவிடவில்லை, அதனால்தான் அவள் போனாள் என்று சொல்லிவிட்டேன். வேலைக்குப் போனாள் என்று இத்தனை நாள் சொன்ன பொய்யும் அதோடு போயிற்று.

சுதாகரனுக்குக் கோபம். “ஒங்க வீட்டுச் சண்டைக்கு எங்க வீட்டுக் குப்பை ஏன் நாறணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது சுப்பம்மா அக்கா இருந்த இடத்திலிருந்தே பேசினாள். “லிஸ்ட்ல எம் பேரு இருக்குன்னு பாக்குறீங்க. எம் புருஷன் செத்ததாலதான் இருக்கு. அவரு உசுரோட இருந்திருந்தா எம் பேரும் வந்திருக்காது.” அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனோம்.

டிராக்டர் திரும்ப வந்த அன்று படியில் இறங்கிப் பார்த்தேன். ஒன்பது வீட்டுப் பைகளில் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நம்பர் எழுதியிருந்தது. 207, 144, 290. சுதாகரன் பையிலும் அவர் மனைவி ஜீவராணியின் நம்பர். எழுதியது அவளா அவரா என்று நான் கேட்கவில்லை. ஸ்டிக்கரும் இருந்ததால் டிராக்டர்க்காரர் ஒன்றும் சொல்லாமல் ஏற்றினார். நானும் இந்த முறை புத்தியாக ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பக்கத்தில்தான் எழுதியிருந்தேன்.

விஷயம் பஸ்லியா மிஸ் காதுக்குப் போய் அவரே வந்தார். குப்பை மட்டும்தான் தன் பொறுப்பு என்றார். ஆனாலும் பிரதேச செயலகத்தில் விசாரித்திருக்கிறார். வீடுகளுக்கு இன்னும் உறுதிப் பத்திரம் அடிக்கவில்லையாம். இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கொடுத்தால் பேரை மாற்றி எழுதலாமாம். அதற்குப் பிறகு மாற்றுவது கஷ்டம். பத்து விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ஒன்றை நான் வாங்கி நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் உன் பேர். கணவர் அல்லது மனைவி என்ற இடத்தில் என் பேர். போன முறையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன், இந்த முறையும் கேட்காமல்தான் செய்திருக்கிறேன், அதற்கு மட்டும் பொறுத்துக்கொள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி இட்டிருக்கிறேன். முத்திரை ஒட்டி நம் விலாசம் எழுதிய கவரும் உள்ளே இருக்கிறது. நீ வராவிட்டாலும் இதை அனுப்பு. உன் கோபம் தீராவிட்டாலும் அனுப்பு. இது நீ வர வேண்டும் என்பதற்காகத் தருவதல்ல. உன்னுடையதை உனக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இருபத்தொன்பதாம் திகதி குருத்து ஞாயிறு. கோயிலில் இரண்டு குருத்தோலை வாங்குவேன். பச்சை வாளியைத் தினமும் கழுவுகிறேன். மீன் தலை இப்போது அதில்தான் போகிறது.

மாதா உன்னையும் உன் கையையும் காப்பாற்றட்டும். விண்ணப்பத்துக்கு உன் கையெழுத்து மட்டும் வந்தால் போதும் என்று மிஸ் சொன்னார். எனக்குப் போதாது.

இப்படிக்கு,
318ஆம் நம்பர் வீட்டில் இருக்கும்
ரெஜினோல்ட்.