ஹாலுக்கு நீலம்

சாந்தோம்,
செப்டம்பர் 2

அன்பு மகன் லாய்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போன் எந்நேரமும் உன் அம்மாவின் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாலும், வந்ததும் யாரோடு பேசினீர்கள் என்று விசாரணை வைத்துவிடுகிறாள். அதனால் இதை எழுதி, கீழ்வீட்டு எரிக்கிடம் கொடுத்து, படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். மருமகள் ஷில்பாவுக்கும் படித்துக் காட்டு.

ஆஸ்பத்திரிக்கு இனி அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு மடையன் மாதிரி சந்தோஷப்பட்டேன். பிறகு அந்த டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒன்றுதான் இனி நம் கையில் இருக்கிறது என்றார். உன் அம்மாவுக்கு இது தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததுமே, ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். கஞ்சியே தொண்டையில் இறங்கவில்லை, பெயிண்டுக்கு என்னடி அவசரம் என்று சத்தம் போட்டேன். அவள் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே. கட்டிலை ஹாலில்தான் போட்டிருக்கிறோம். ஓதம் ஏறிய அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஷரஃபுதீனைக் கூப்பிட்டேன். உன் கல்யாணத்துக்கு வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்தாரே, அவர்தான்.

கிரீம் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றேன். அவளோ கலர் அட்டையை மடியை விட்டு இறக்கவில்லை. கிரீம், பிஸ்தா, ரோஸ், சாம்பல் என்று சுவரில் கட்டம் கட்டமாகப் பூசிக் காட்டச் சொன்னாள். எல்.கே.ஜி. பிள்ளை கிறுக்கிய நோட்டு மாதிரி ஆகிவிட்டது சுவர். இன்னாம்மா, சாம்பிளே அடிச்சுக்கினு இருக்கலாமா என்று ஷரஃபுதீன் கேட்க, அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகிவிட்டதால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுக்கச் சொன்னாள். கோயிலில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டு, இப்போது மங்கி சந்தன நிறத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரித்துப் பிடிக்கச் சொன்னாள். தி.நகர் கடையில் நிற்கிற ஆள் மாதிரி விரித்துப் பிடித்தேன். கிறிஸ்துமஸுக்கு மகன் வரும்போது கட்டிக்கொள்ளப் போகிறாயா, மறுபடியும் கல்யாணமா, மாப்பிள்ளை நான்தானே என்று கேலி வேறு செய்தேன். அதற்கு உன் அம்மா சொன்னாள்:

"கிரீம் செவுத்துல இந்தப் புடவை எடுப்பா தெரியாதுங்க. எங்கம்மா படத்தைப் பாத்திருக்கீங்கல்ல? கிளிப்பச்சைச் செவுரு. பெட்டிக்குள்ள அம்மா, சுத்தி நிக்கிற நாங்க, எல்லாரும் காமாலை வந்த மாதிரி இருப்போம்."

நீயும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாய். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் நம் வீடுகளில் எல்லோரும் சுற்றி நின்று எடுத்துக்கொள்வோமே, அந்தப் படம். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஷரஃபுதீன் பிரஷ் கழுவுகிறேன் என்று வெளியே போய்விட்டார். எனக்கு அழத்தான் வந்தது. அவளோ, புடவை கசங்குகிறது, மடித்து வையுங்கள் என்றாள்.

கடைசியில் வெளிர் நீலம் என்று முடிவானது. அடித்து, காய்ந்தும் விட்டது. நற்கருணை கொண்டுவந்த சாமியார், மாதாவின் நிறமாயிற்றே, நல்ல தேர்வு என்று பாராட்டினார். ஆமாம் ஃபாதர் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பெசன்ட் நகரில் மாதா கோயில் திருவிழாக் கொடி ஏறியாகிவிட்டது. வருஷா வருஷம் நடந்தே போகிறவள், இந்த வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது, யார் எங்கே நிற்பது என்பதை மட்டும் சொல்லி முடித்துவிட்டாள். நான் வலது பக்கம். ஆதம்பாக்கத்துச் சித்தி கால்மாட்டில். பிறகு உன் பேச்சு வந்தது.

"தலைமாட்டுல லாய்டு. அவனால வர முடியலேன்னா அந்த எடத்துல வேற யாரையும் நிக்க வைக்காதீங்க. சும்மா இருக்கட்டும்."

உனக்குச் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். புது வேலை, லீவு கேட்டால் உனக்குச் சங்கடமாம். நான் தலையாட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று நீ போனில் சொல்கிறாய். அவளும் சரிப்பா, மெதுவா வா என்கிறாள். லாய்டு, இந்த ஹாலைக் கிறிஸ்துமஸுக்காக அடிக்கவில்லை.

படத்தில் நிற்பதற்காக வராதே. அதற்கு முன்னால் வந்துவிடு. கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து உட்கார்ந்ததும், கலர் எப்படிடா இருக்கு என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிடு.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா
ஆரோக்கியநாதன்