ஒற்றைத் தகரக் குழாய்

ஹரோ, 12.1.1991
பிள்ளையார் துணை.

இஞ்சருங்கோ, உங்கட முழங்கால் நோ எப்பிடி? நான் சுகம். ஆனா உங்கட மருமகன் யோகலிங்கத்தோட மூண்டு நாளாக் கதைக்கிறேல்லை.

இஞ்ச குளிருக்கு வீட்டுக்குள்ள புது விறகடுப்பு. அதுக்கு, ரெண்டு தகட்டுக்கு நடுவில சூடு தடுக்கிற பஞ்சு வைச்ச புகைக்குழாய் வேணும். அது வரமுதலே, நல்ல நேரம் தப்பிப்போகுமெண்டு ஒற்றைத் தகரக் குழாயை மரச் சீலிங்குக்குள்ளால விட்டுப் பால் காய்ச்சினார். மேலறையில எங்கட பேரக்குழந்தை. சீலிங் கருகி மணத்தது. பாலை நெருப்பில ஊத்தி அணைச்சிட்டன்.

“நேரம் குறிச்சது நீங்கள்தானே, மாமி!” எண்டு கத்தினார்.

“பால் பொங்கத்தான் குறிச்சனான், வீடெரிய இல்லை!”

நாளைக்குத் திரும்ப மூட்டுவாராம். நீங்கள் எழுதினாத்தான் கேப்பார், ஆனா உங்கட கடிதம் வர நாளாகும். ஊரிலயிருந்து ஆரும் வந்தா ஒரு பாய் குடுத்துவிடுங்கோ. நல்ல குழாய் வருமட்டும் அடுப்பு வாசலிலதான் படுக்கிறன்.

தபாலுக்கு நேரமாச்சு.
பாலாம்பிகை