ஒன்பது நாள் முன்னால் எழுதிய பிறந்த தேதி

என் அன்புள்ள ரீட்டா அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. சுற்றுவட்டார ஊர்களின் கடிதங்களையெல்லாம் சைக்கிளில் சுமந்த உங்களுக்கு, வீட்டிலிருந்து நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இதை நம் கோயிலின் பங்கு இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியதாக இருந்தால் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சொல்லியிருப்பேன். ஊரும் கேட்க வேண்டிய விஷயம் இது.

முதலில் வீட்டுச் செய்தி. பின்பக்கத்து நிலத்தில் எழும்பிய கம்பெனியின் சுற்றுச்சுவர் நம் சமையலறை ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. காலையில் வல்லம் வடகால் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் போய்விட்டதும் தெரு அடங்கிவிடுகிறது. மாடியில் குடியிருக்கும் குமாரிக்கு ஒரகடத்துக் கம்பெனியில் லைன் வேலை. ஷிப்ட் மாறும் வாரங்களில் அவள் செருப்பைத்தான் பார்க்கிறேன், அவளைப் பார்ப்பதில்லை. அரை லிட்டர் பால் எனக்கு இரண்டு நாளைக்கு வருகிறது.

பேச்சு என்று எனக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மெல்போர்னிலிருந்து ரீட்டா அழைப்பாள். நானாக யாரையும் அழைக்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் பேரன் ஜோயலின் ஆட்டம் நினைவிருக்கிறதா? அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கால்பந்துன்றான், கையில புட்சிகினு ஓடறான்?" என்று கேட்டீர்களே, அதேதான். பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். ஒருவன் தோளில் இன்னொருவன் முழங்காலை ஊன்றி எழும்பிப் பிடிப்பான். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்த ஆட்டத்தைத்தான் அவன் எட்டு வயதிலிருந்து ஆடுகிறான்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, அவன்தான் முதலில் போனை வாங்கினான். "பாட்டி, டிராஃப்ட்ல என்னை எடுக்கல."

"எந்த பேங்க்லப்பா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த டிராஃப்ட் அதுதானே. அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிறகு ரீட்டா விளக்கினாள். அந்த நாட்டின் பெரிய குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, அந்த ஆண்டுக்குள் பதினெட்டு வயது நிறைகிற பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுமாம். வீடு முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசிப் பெயர்வரை இவன் பெயர் வரவில்லை. அடுத்த ஆண்டும் பெயர் கொடுக்கலாமாம். ஆனால் ஒருமுறை விட்டவனை மறுபடி பார்க்க வருகிறவர்கள் குறைவாம்.

"அவ்ளோதாம்மா அவனால முடிஞ்சது. இனிமேயாவது படிக்கட்டும்" என்றாள் ரீட்டா.

"நான் அவ்ளோ நல்லா ஆடல போல, பாட்டி. விட்டுடறேன்" என்றான் ஜோயல்.

போல என்றால் என்ன அர்த்தம்? கான்வென்ட் பள்ளி ஆபீசில் இருந்தபோது ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்றால், காரணத்தை எழுத்தில் வாங்காமல் நான் விட்டதில்லை. "உன் கோச்கிட்ட காரணம் எழுதி வாங்கு. வாங்கி எனக்குப் படிச்சுக் காட்டு" என்றேன்.

டிசம்பர் நடுவில் படித்தான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லப் பார்த்தான். இங்கிலீஷிலேயே படி, எனக்கும் தெரியும் என்றேன். கோச் நல்ல மனிதர், மழுப்பாமல் எழுதியிருந்தார். பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் இவனுக்குத் தெரிந்துவிடுகிறதாம். ஆனால் தேர்வாளர்கள் வளர்ந்த உடம்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உயரம், எடை, ஓடும் வேகம் இவற்றை அளக்க முடியும், இவனிடம் இருப்பதை அளக்க முடியாது. அவர்கள் பார்க்க வந்த மாதங்களில் இவன் தோள்பட்டை எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்தான். இவன் கிளப் நகரத்தின் கடைசி ஓரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்து பார்க்கிறவர்களும் குறைவு.

கடைசியில் ஒன்று எழுதியிருந்தார். பட்டியலிலேயே மிகச் சின்னவன் ஜோயல். அங்கே சிறுவர் ஆட்டத்திலிருந்தே ஜனவரி முதல் டிசம்பர்வரை பிறந்தவர்களை ஒரே வயதாக வைத்துத்தான் அணி பிரிப்பார்களாம். எட்டு வயதிலிருந்து தன்னைவிடப் பத்து, பதினொரு மாதம் மூத்தவர்களோடுதான் இவன் மோதியிருக்கிறான். 'இன்னும் நான்கு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இவன்தான் எல்லோரையும்விட மூத்தவன்' என்று முடித்திருந்தார்.

அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். அவன் பிறந்தது நான்கு நாள் தள்ளி இல்லை, ஒன்பது நாள் தள்ளி.

இதழைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஜோயல் இங்கே, ஸ்ரீபெரும்புதூரில், ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று பிறந்தவன். சான்றிதழில் இருப்பது கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் இருபத்தெட்டு. நம் வீடுகளில் யாருக்குத்தான் இரண்டு பிறந்தநாள் இல்லை? உங்களுக்கே பள்ளிக்கூடம் ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுக் கொடுத்தது. ஜோயலும் வீட்டுப் பிறந்தநாள், பேப்பர் பிறந்தநாள் என்று இரண்டையும் சொல்லிச் சிரிப்பான். கணக்கெல்லாம் பேப்பரை வைத்துத்தான் நடக்கிறது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

தேதியை மாற்றியது நீங்கள் என்றுதான் ஊர் நினைக்கிறது. பேரூராட்சி ஆபீசில் பிறப்புப் பதிவுப் படிவத்தைக் கொடுத்து வந்தது நீங்கள்தானே. "தபால்காரராச்சே, மூணு ராஜாவையும் ஒன்பது நாள் முன்னாடியே டெலிவரி பண்ட்டாரு" என்று உங்கள் தம்பி சவரி ஆரம்பித்து வைத்தது, ஒவ்வொரு ஜனவரியும் கோயில் வாசலில் ஓடியது. உங்கள் அடக்கத்தன்றுகூட யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

படிவத்தை எழுதியது நான்.

ஜூன் மாதம் வந்தால் அப்பாக்கள் என் மேஜைக்கு முன்னால் நின்று, "எதுனா ஒரு தேதி போட்டுக்கோம்மா, ஒரு மாசம் முன்ன பின்ன இருந்தா இன்னா இப்போ?" என்று கெஞ்சுவார்கள். தாளில் இல்லாத தேதியை நான் ஒருவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. வாலாஜாபாத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஜோயல் பிறந்த நர்சிங் ஹோமில் நர்ஸ் அந்தப் படிவத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே பூர்த்தி பண்ணிக் குடுங்கம்மா, உங்க எழுத்து நல்லா இருக்கும்" என்றபோது, எல்.கே.ஜி.யில் சேர டிசம்பர் முடிவதற்குள் பிறந்திருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளி வைத்திருந்த கெடுதான் எனக்கு முன்னால் நின்றது. பேரனுக்கு ஒரு வருடம் வீணாகும். நான் வேலை செய்த பள்ளியில் என் பேரன் ஒரு வருடம் பிந்திச் சேருவதா? அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

அந்தப் பள்ளிக்குள் அவன் காலே வைக்கவில்லை. இரண்டரை வயதில் விமானம் ஏறிவிட்டான்.

சான்றிதழ் வந்த அன்று ரீட்டா, "ஏம்ப்பா, எம்புள்ள பொறந்த தேதிகூடவா உனக்குத் தெரியல?" என்று கூடத்தில் நின்று கத்தினாள். நான் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "எழுதறப்போ கை தவறிப்போச்சு, வுடு" என்றீர்கள். எல்லாம் காதில் விழுந்தது. நான் வெளியே வரவில்லை. கஞ்சி முழுவதும் வடிந்த பிறகும் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு சொல்லிவிட்டேன். முதலில் ஜோயலிடம். "நீ ஆட்டத்துல குறைஞ்சவன் இல்ல. நான் எழுதின தேதியில குறை. உன் வயசுப் பசங்களோட நீ இதுவரைக்கும் ஆடினதே இல்ல."

"அப்போ நான் சின்ன ஆள் இல்ல பாட்டி, சின்ன வயசு. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"இத எனக்குப் பத்து வயசுலயே சொல்லியிருக்கலாம்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

ரீட்டா ஆட்டத்தைப் பற்றியோ சான்றிதழைப் பற்றியோ பேசவே இல்லை. "பாஸ்போர்ட் எடுக்கறப்போ, விசாவுக்குப் போறப்போ, எத்தனவாட்டி அப்பாவத் திட்டியிருப்பேன்? நீ பக்கத்துலதானேம்மா இருந்த" என்றாள்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அவள்தான் போனை வைத்துவிட்டிருக்கிறாள்.

அதன் பிறகு அழைப்பு இல்லை. கிறிஸ்துமஸுக்குப் போனில் ஒரு படம் வந்தது, அவ்வளவுதான். மூன்று ராஜாக்கள் திருநாளன்று வீட்டுப் பிறந்தநாளுக்கு எப்போதும் பேசுவான். காலையிலிருந்து போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குமாரி இறங்கிவந்து, "போன்ல எதுனா கம்ப்ளெய்ன்ட்டா ஆயா?" என்று வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்று கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவன் திரும்ப ஆடுகிறானா, பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டானா, எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலத் திருப்பலி முடிந்து வெளியே வந்தால் சவரி ஆரம்பித்துவிட்டார். ராஜாக்கள், டெலிவரி, எல்லோரும் சிரிப்பு. "அவர் இல்ல. அந்தத் தேதிய எழுதினது நான்" என்றேன். இருந்த இடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இன்னா அண்ணி நீங்க" என்றார் சவரி. "ஒரு கமா வுட்டாலே லீவ் லெட்டர திருப்பிக் குடுக்கற ஆளு. அண்ணன் செத்தும் அவர வுட்டுக் குடுக்க மாட்டீங்களா?"

அதற்கும் சிரித்தார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து, இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்றாள். நான் நிஜத்தைச் சொன்னேன், அதற்கும் பாராட்டு எனக்கு வந்தது. இத்தனை காலம் கறாராக இருந்து சம்பாதித்த பேர் அப்படி நடுவில் வந்து நிற்கிறது. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரீட்டாவிடம் நான் பாதிதான் சொன்னேன். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோம்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன். எழுதியது நான் என்று ஒத்துக்கொள்ளும்போதுகூட உங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். மேலே நர்சிங் ஹோமைப் பற்றி எழுதியபோதும் உங்களை விட்டுவிட்டேன், கவனித்தீர்களா?

நீங்கள் அங்கே என் தோளுக்குப் பின்னால் நின்றீர்கள். எழுதியதைப் பார்த்தீர்கள். "உள்ளத எழுதேன் ஸ்டெல்லா. ஒரு வருசம் லேட்டா போனா இன்னா, வூட்ல நம்மகூட இருக்கட்டும்" என்றீர்கள். "உங்களுக்குத் தெரியாது, பேசாம எடுத்துட்டுப் போங்க" என்றேன். எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் என்னோடு இருந்தீர்கள். ஒருநாள்கூட, 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன் என்றா?

வருகிற ஞாயிறு நானே அழைக்கப்போகிறேன். ரீட்டா எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் அழைப்பேன், அதற்கடுத்த ஞாயிறும். எடுத்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால், உங்கப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாலும் சரி. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பேச்சைக் கேட்காத வீட்டுக்காரி,
ஸ்டெல்லா