கண்ணை மூடச் சொன்ன விமலாவுக்கு

என் செல்ல நாத்தனாரே, விமலா,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிவிட்டது. உன் போட்டோ முன்னால் நின்று எத்தனையோ தடவை பேசிப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. நேரில் என்றால் நீ நடுவில் நாலு வார்த்தை போடுவாய், நானும் பதிலுக்கு வாயாடுவேன், பேச்சு தானாக ஓடும். சும்மா சிரித்துக்கொண்டே இருக்கிற ஆளிடம் எதைப் பேசுவது? அதனால் எழுதுகிறேன். நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், நான் சிரித்துத் தள்ளிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் என் பயத்தை நீ தெளிய வைத்த கதையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்கிறேன். அதை நினைத்தால் மட்டும்தான் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பழவேற்காட்டுக்கு நான் போன படகு கவிழ்ந்தது, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில்கூட இல்லை. ஏரியில், இடுப்பளவு தண்ணீரில். என் கால் கயிற்றில் மாட்டிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. சேற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் மேலே வந்தேன். அதற்கப்புறம் படகில் கால் வைத்தாலே உடம்பு வெடவெடக்கும். நம் குப்பத்திலிருந்து சந்தைக்கும் ரேஷனுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் படகில்தானே போக வேண்டும்? பத்து மாசம் நான் எங்கேயும் போகவில்லை. மீனை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டோடு கிடந்தேன். "இடுப்பளவு தண்ணியில எவ செத்தா?"னு ஊரே கேலி பண்ணியது. உன் அண்ணனும்தான்.

மீஞ்சூரில் வாக்கப்பட்ட நீ, அங்கே ஒரு மனநல டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்து, அவரிடமே ஹிப்னாடிசம் கற்றுக்கொண்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாய். ஒரு கையில் பன் பாக்கெட், இன்னொரு கையில் எழுதி எடுத்து வந்த நாலு பக்கம்.

"அண்ணி, கண்ண மூடு."

"இன்னாடி, வசியமா?"

"உன்ன வசியம் பண்ணி நான் இன்னா பண்ணப் போறேன்? கேக்காமயே நெத்திலிக் கொழம்பு ஊத்துற. மூடு."

மூடினேன். நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தாய். அழகான கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள், அலைச் சத்தம் கேட்கிறது, உடம்பு மெல்லத் தளர்கிறது என்று. நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "சத்தம் பெருசா கேக்குதாடி? உங்கண்ணன் கடல்ல கீறாரே!"

நீ காகிதத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், தலையில் அடித்துக்கொண்டாய். பட்டணத்துக்காரர்களுக்கு அலைச் சத்தம் தாலாட்டாக இருக்கலாம். புருஷனைக் கடலுக்கு அனுப்பியவள் அதைக் கேட்டுத் தூங்குவாளா? சத்தம் கொஞ்சம் கூடினாலே அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுகிற சனமல்லவா நாம்? இதே குப்பத்தில் பிறந்த நீ அதை மறந்துபோனாயே! "மீஞ்சூர் தண்ணி குடிச்சா இப்படித்தான்" என்று அன்றைக்கு முழுக்க உன்னை ஓட்டினேன்.

அடுத்த வாரம் நீ காகிதமே கொண்டு வரவில்லை. "அண்ணி, நீ எறா பிரிக்கிறப்ப மூணு தபா கூப்ட்டேன், உனக்குக் காதுலயே வுழல. அதான் இது. நீ தெனம் பண்றதுதான்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இறால் குவிந்திருப்பதாக நினைக்கச் சொன்னாய். பெருசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம், நண்டுக்குஞ்சு ஒரு பக்கம். கை அதுபாட்டுக்குப் போகட்டும், நீ விட்டுடு என்றாய். கொஞ்ச நேரத்தில் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. உன் குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு அந்த நினைப்பிலேயே படகின் ஓரத்தில் கை வைக்கச் சொன்னாய், அவ்வளவுதான். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கால். ஆறாவது ஞாயிறு நிஜப் படகில் ஏறினேன். பயம் முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் படகு சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடித்துக்கொள்வேன். ஆனாலும் போகிறேன், வருகிறேன்.

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. உன் பேச்ச நீயே கேட்ட" என்றாய். அதற்கப்புறம் ஞாயிறானால் நம் வீட்டில் ஒரே கூட்டம். நகம் கடிக்கிறவள் நிஜமாகவே கடிப்பதை விட்டாள். குடியை விட வந்தவரோ ஒரு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, எழுந்து நேராகக் கடைக்கே போனார். நாம் இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்!

அப்படி ஒரு நாள்தான், கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணி, எனக்கு ஒரு தபா நீ பண்ணேன்" என்றாய்.

"நானா? எட்டாவது ஃபெயிலு நான். போடி" என்று சிரித்தேன். நீயும் சிரித்துக்கொண்டே அடுத்த மீனைத் திருப்பிப் போட்டாய்.

மார்பில் கட்டி இருப்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் பயம். என் மாமனார், உங்கள் நைனா, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர், துணியில் சுற்றித்தான் திரும்பி வந்தார். அதிலிருந்து, போனவர்கள் வரமாட்டார்கள் என்பது உங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பயம் தெரிந்தும் எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஊரார் பயத்தைத் தெளிய வைத்தவள் உன் பயத்தை மட்டும் ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு ஏழு மாசம் திரிந்தாய். அப்புறம் போனாய், காலம் கடந்துவிட்டது. நான் செய்திருந்தால் உனக்குத் துணிச்சல் வந்திருக்குமா? தெரியாது. "எதுக்குடி?" என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாம். மன்னித்துவிடு, விமலா.

இப்போது உன் அண்ணன் சேதி. காலில் கட்டைவிரலில் புண். சர்க்கரை இருக்கும் போல, ஒரு மாசமாக ஆறவில்லை, ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. எந்தக் காற்றிலும் கடலுக்குப் போகிற மனுஷன், ஆஸ்பத்திரி என்றதும் மஞ்சள் அரைத்துத் தரச் சொல்கிறார். நைனாவுக்கு அப்புறம் நீயும் அங்கே போய்த் திரும்பவில்லை அல்லவா? கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். அசையவில்லை.

முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "விமலா உனக்குப் பண்ணுச்சே, அத எனக்குப் பண்றியா?" என்றார்.

உன்னை மந்திரவாதி என்று கிண்டல் பண்ணின அதே வாய்! எனக்குச் சிரிப்புத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டேன். "இன்னாய்யா பயம் உனக்கு?" என்று கேட்டேன்.

காய்ந்துபோன கையைத் தட்டிலேயே கழுவினார். அப்புறம், "நைனாவக் கட்டில்ல வுட்டுட்டு நான் டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா மூச்சு இல்ல" என்றார். இருபத்தைந்து வருஷமாகக் கூட வாழ்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை. உன்னிடமாவது சொன்னாரா?

கண்ணை மூடச் சொன்னேன். இறால் பிரிக்கிற வேலை அவருக்குப் பழக்கமில்லை, வலையிலிருந்து ஒவ்வொரு மீனாகக் கழற்றச் சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்து திணறினேன். ஆனாலும் அவர் தோள் மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். "நீ ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துனு கீற, நான் பக்கத்துலயே கீறேன், எங்கயும் போவமாட்டேன்" என்று அவரிடம் சொன்னேன். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நேற்றும் செய்தோம். இன்று காலை செய்தபிறகு, நான் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணியைப் பையில் எடுத்து வைத்தார்.

நாளைக்குக் காலையில் முதல் படகிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். கரையில் நின்று முரண்டு பிடிப்பார், அதற்கும் தயாராக இருக்கிறேன். விரலை எடுக்க வேண்டும் என்றுகூட டாக்டர் சொல்லலாம், எடுக்கட்டும். உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன் விமலா, உங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் காலால் நடந்து வீடு திரும்புகிற முதல் ஆள் உன் அண்ணன்தான். நான் கூட்டி வருவேன்.

உன் அண்ணி,
கஸ்தூரி