ஜாமீனில் வந்த டாக்டர்

3 ஜூலை 1995, திங்கள்

விடிந்ததிலிருந்தே சாரல். துணி காயவில்லை. வக்கீல் கோட்டில் ஈர வாடை.

இன்று தங்கவேலுவின் ஜாமீன் மனு. நாங்கள் குடியிருக்கும் கணபதிப் பகுதியில், எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர். படிப்பு பத்தாவது, அப்புறம் மருந்துக்கடையில் கொஞ்ச காலம். போர்டில் மட்டும் 'டாக்டர்'. போன மாதம் சரஸ்வதி என்ற மில் தொழிலாளிக்குக் காய்ச்சல். ஒத்துக்கொள்ளுமா என்று கொஞ்சமாகப் போட்டுப் பார்க்காமல் முழு ஊசி. கிளினிக் பெஞ்சிலேயே உயிர் போய்விட்டது.

நான் அரசுத் தரப்பு வக்கீல். எதிர்த்திருக்க வேண்டும். காலையிலேயே எனக்கு மேலே இருக்கும் அரசு வக்கீல், பெரிய பி.பி., போன் செய்தார். "ரொம்பக் கடுமையா வேண்டாமுங்க அம்மணி. கட்சிக்கு வேண்டிய ஆளு. ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடோணும்னு கேட்டாப் போதும்." என்னை இந்த வேலையில் போட்டதும் அதே கட்சியின் அரசாங்கம்தான். சரிங்க என்றேன்.

கோர்ட்டில் அதைவிட மோசம். "டாக்டர் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்திட வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பழக்கம். ஊசி போடுகிறவரை எங்கள் பக்கம் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அது மரியாதை இல்லை. என் மகள் சுபாவுக்கு அம்மை போட்டபோது தினமும் வீடு தேடி வந்து பார்த்தவர் வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்தார். மனுதாரரை டாக்டர் என்று அரசே ஒப்புக்கொள்கிறது, பதிவு செய்ய வேண்டும் என்றார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். நான் திருத்தியிருக்கலாம். நாலு பேர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஜாமீன் ஆயிற்று. ஊசி போடக் கூடாது என்று ஒரு நிபந்தனை கேட்கத் தோன்றவே இல்லை.

வாங்க வேண்டியவை: சுபாவுக்கு ரெயின்கோட், சீயக்காய், கொசுவத்தி.

5 ஜூலை, புதன்

காற்று. கோர்ட் வாசலில் வேப்பங்கிளை முறிந்து ஒரு ஸ்கூட்டர் மேல்.

சரஸ்வதியின் வீட்டுக்காரர் ரங்கசாமி வராந்தாவில் நின்றிருந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க வக்கீலம்மா. அவரு நெசமாவே டாக்டருங்களா?"

இல்லை என்றேன்.

"பின்ன நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு சொல்றாங்களே. டாக்டர் கையில செத்தா அது விதிங்கறாங்க. அப்ப எம்பட பொண்டாட்டி விதியிலயா செத்தா?"

கேஸ் இன்னும் முடியவில்லைங்க என்று என்னவோ சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை. மத்தியானச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

7 ஜூலை, வெள்ளி

கணபதி பஸ் ஸ்டாப்பில் எதிர்க்கட்சிக் கூட்டம். குழாய் ஒலிபெருக்கி எங்கள் வீட்டைப் பார்த்து. ஜன்னலைச் சாத்தியும் கேட்டது.

"ஊசி போட்டவனுக்குப் பட்டம் இல்லீங்க! அவனை டாக்டர்னு கூப்பிட்ட அம்மாவுக்குப் பட்டமும் இருக்குது, சம்பளமும் இருக்குது! அரசு வக்கீலா, ஆளுங்கட்சி வக்கீலா?"

கைதட்டல். பேர் சொல்லவில்லை. தெருவுக்கே தெரியும்.

மாலைப் பத்திரிகையில் ஆளுங்கட்சியின் பதில்: மக்கள் அன்போடு அழைப்பதைச் சட்டம் தடுக்க முடியாதாம். போன வாரம் அவர்கள் மேடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் 'டாக்டர்'. ஒருவர் வைத்திருப்பது நூல் மில். எதிர்க்கட்சி நோட்டீஸைப் புரட்டினால் அங்கேயும் இரண்டு டாக்டர்கள். இவர்கள் சண்டையில் சரஸ்வதி பெயரை யாரும் சொல்லக் காணோம்.

சுபா கேட்டாள், "மைக்ல உன்னைய ஏம்மா திட்றாங்க?" திட்டவில்லை கண்ணு, பேசுகிறார்கள் என்றேன்.

9 ஜூலை, ஞாயிறு

கிளினிக் திறந்தாயிற்று. வாசலில் வாழைமரம், கட்சிக் கொடி. போர்டுக்குப் புதுப் பெயின்ட். ஜாமீன் உத்தரவைச் செராக்ஸ் எடுத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார். 'மருத்துவரான மனுதாரர்' என்ற இடத்தில் சிவப்புக் கோடு. கீழே அரசுத் தரப்பு என்று என் பெயர். பெஞ்சு நிறைய ஆட்கள். அதே பெஞ்சு.

பி.பி. வீட்டுக்குப் போன் போட்டேன். நிபந்தனையை மாற்ற நாளைக்கே மனு போடலாமா என்று கேட்டேன்.

"இந்தக் கட்சிச் சண்டை அடங்கட்டுமுங்க. இப்பப் போட்டா நாமளே தப்புனு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போகும்."

சரிங்க என்றேன். மறுபடியும்.

எங்கள் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தார். கிளினிக் பேச்சை எடுத்தேன். "நீயே கோர்ட்ல டாக்டர்னு சொல்லிப்போட்டு வந்துட்டே. இப்ப என்னத்துக்குப் பொலம்பறே?" கை கழுவிக்கொண்டே சொன்னார். சண்டைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நினைக்கிறார். அங்கே போகாதீர்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். மோர் ஊற்றினேன்.

சுபாவுக்கு உடம்பு கொஞ்சம் சூடு.

10 ஜூலை, திங்கள்

பெரியாஸ்பத்திரி வராந்தா. கோர்ட் பையில் டைரி இருந்தது.

சாயந்திரம் வந்தால் வீடு பூட்டு. பக்கத்து வீட்டு மெஹருன்னிசா ஓடி வந்தாள். "சுபாவுக்குக் காய்ச்சல் கொதிச்சுதுங்க அக்கா. அண்ணன் வண்டியில தூக்கிட்டுப் போனாரு. தெருமுனைக்குத்தான். டாக்டர்தான் வந்துட்டாருங்கல்ல."

ஓடினேன். செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

இவர் சுபாவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக் படி இறங்கிக்கொண்டிருந்தார். "ஊசி போட்டாச்சு. சரியாயிரும்னுட்டாரு." முதலில் கொஞ்சம் போட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். இவருக்குப் புரியவில்லை. சுபாவின் கழுத்தில் தடிப்புத் தடிப்பாக. உதடு வீங்கியிருந்தது. உள்ளேயிருந்து தங்கவேலு, "ஒண்ணுமில்லீங்க வக்கீலம்மா, சூட்டுத் தடிப்பு," என்றார்.

ஆட்டோவில் என் மடியில். மூச்சு இழுத்தது.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எங்களை விடவில்லை. டியூட்டி டாக்டரம்மா வெளியே வந்து அவசரமாகக் கேட்டார், "ஊசி போட்டது யாரு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டருங்க," என்றேன்.