ட்ரிகரின் எடை

ஜனவரி 16, 2024, செவ்வாய்

இன்று பத்துக் குண்டில் நான்கு. மீதி ஆறும் வெளியே வரவே இல்லை. வைத்தியால் ட்ரிகரை இழுக்க முடியவில்லை. துப்பாக்கியை ஸ்டாண்ட் தாங்கிக்கொள்கிறது, ஒவ்வொரு குண்டுக்கும் லீவரை நான் இழுத்துக் கொடுக்கிறேன், ஒரே ஒரு விரல்தான் அவர் வேலை. அந்த விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. கிளப்பில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இந்த லண்டன்காரர்களுக்கு அது நன்றாக வரும்.

காரில் ஏறியதும், "குளிர்ல விரல் மரத்துப் போச்சு ரஞ்சு" என்றார். உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆமாம் என்றேன்.

இவருக்கு மோட்டார் நியூரான் நோய், தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம். முதலில் பேட்மிண்டன் போயிற்று, பிறகு கார் ஓட்டுவது. ஸ்ட்ரெதமில் இந்த ஏர் ரைபிள் கிளப் ஒன்றுதான் பாக்கி. பழைய கௌபாய்க் காலத்து லீவர் துப்பாக்கியின் நகல், காஸில் சின்ன ஈயக்குண்டு சுடும். ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே வாங்கிக்கொண்டார். இந்த வயதில் விளையாட்டுச் சாமானா என்று அன்று எவ்வளவு கேலி செய்தேன்!

ஜனவரி 20, சனி

மதியம் அவர் தூங்கும்போது காஸையும் குண்டையும் எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கிச்சன் மேஜையில் பிரித்தேன். லிப்ட் கம்பெனியில் இருபது வருஷமாக ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் சோதிக்கிறவள். இது என்ன பெரிய வித்தை.

சென்னை போகும்போது சூட்கேஸைத் தூக்கி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசை ட்ரிகரில் மாட்டி இழுத்தேன். ஒரு கிலோ எண்ணூறு இழுத்தால்தான் விடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றி, இரும்போடு இரும்பு உரசும் இடத்தை மெருகேற்றி மூடினேன். ஒரு கிலோ முந்நூறு.

எழுந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். காபி கொடுத்தேன். சொல்லவில்லை. உங்கள் விரலுக்காகக் குறைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஜனவரி 23, செவ்வாய்

பத்துக்கு ஒன்பது!

"பிசியோ சொன்ன எக்சர்சைஸ் வேலை செய்யுது, பாத்தியா?" வழியெல்லாம் இதே பேச்சு. சிக்னலில் நிற்கும்போது விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். நானும் சிரித்தேன். பாவி. ஆனாலும் பல நாள் கழித்து இன்று சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னாள். ஒருநாள் பேச்சு போய்விடும், அப்போது கம்ப்யூட்டர்தான் பேசும். ஆங்கிலம் என்றால் அதில் குரல் இருக்கிறது. அவள் வைத்திருப்பதில் தமிழ் கிடையாது. தமிழில் என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் இப்போதே அவர் குரலில் பதிந்து வைத்தால், பிறகு பட்டனைத் தட்டினால் அவரே பேசுவது போல இருக்குமாம். சில வாரங்களுக்குள் செய்யுங்கள் என்றாள்.

"என்ன அவசரம்? விரலே திரும்பி வருது. அப்புறம் குரலுக்கு என்ன?" என்றார் வைத்தி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிப்ரவரி 24, சனி

மறுபடி பிரித்தேன். தொள்ளாயிரம் கிராம்.

மார்ச் 12, செவ்வாய்

தெரபிஸ்ட் போன் செய்தாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தி வைத்துவிட்டார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் குழைந்தது. அசதி — அசதியாகத்தான் இருக்கும். மத்தியானம் தூங்கவில்லையே.

யாரை ஏமாற்றுகிறாய் ரஞ்சனா?

இன்று பத்துக்குப் பத்து. அந்தச் சூட்டோடு ஏப்ரல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இன்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது?

மார்ச் 30, சனி

எழுநூறு. இனிமேல் குறைக்க முடியாது, தொட்டால் சுட்டுவிடும். அவர் விரல் இன்னும் குறையும். அப்போது என்ன செய்யப் போகிறேன்?

ஏப்ரல் 9, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

போட்டி என்றால் சுடுவதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியின் ட்ரிகரையும் எடை பார்ப்பார்களாம். ஒரு கிலோவைத் தொங்கவிட்டாலும் விடாமல் தாங்கவேண்டும். ஊரில் இருக்கிற லிப்டுக்கெல்லாம் விதிமுறைப் புத்தகம் வைத்திருக்கிற எனக்கு இது தெரியாமல் போயிற்று. கிளப் விதியை ஒருதரம்கூடப் படித்ததில்லை.

பாதுகாப்புப் பொறுப்பு குகநாதனுக்கு, யாழ்ப்பாணத்துக்காரர். குண்டில்லாத துப்பாக்கியை நிமிர்த்தி ட்ரிகரில் எடையை மாட்டினார். எடை தரையை விட்டு எழும்பும் முன்பே க்ளிக் என்றது. இன்னொரு தடவை. மறுபடி க்ளிக்.

"இது ஒரு கிலோ தாங்காது. ஆரோ உள்ளுக்கை ஸ்பிரிங்கில கை வச்சிருக்கினம். அண்ணை, நீங்களோ செய்தனீங்கள்?"

வைத்தி அந்த எடையைப் பார்த்தார். பிறகு என்னை.

குகநாதனுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லை அண்ணை, என்ர துவக்கைத் தாறன், அதால சுடுங்கோ" என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். அவர் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

மூன்று முறை முயன்றார். ட்ரிகர் அசையவே இல்லை. நான் லீவரைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன், வேறு எங்கே போவது.

"போலாம்" என்றார்.

ஏப்ரல் 10, புதன்

சாயங்காலம் கேட்டார்.

"எத்தன தடவ?"

"மூணு."

"பிசியோ பொய் சொல்லுவான், டாக்டர் மழுப்புவான். என் விரல் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அத நம்பித்தான் எல்லாத்தயும் தள்ளிப் போட்டேன்."

அழுதேன். அவர் அழவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இனிமே பொய் சொல்லாத ரஞ்சு. என் நல்லதுக்குன்னாலும் வேணாம்."

சரி என்றேன்.

ஏப்ரல் 13, சனி

அவர் குரலைப் பதிந்து பார்க்க உட்கார்ந்தோம். முதல் வாக்கியம் அவரே தேர்ந்தெடுத்தார். "ரஞ்சு, நீ சாப்பிட்டியா?"

போட்டுக் கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார்.

"எவனோ குடிச்சுட்டு உளர்ற மாதிரி இருக்கு. உனக்குப் புரியுதா?"

புரிகிறது, நன்றாக இருக்கிறது — நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

"பாதி புரியுது" என்றேன்.

"அழிச்சுடு."

ஒன்று மட்டும் இருக்கட்டுமே என்று கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டினார். இப்படி ஒரு குரலாக என் காதில் நிற்க வேண்டாம் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். பிப்ரவரியில் உட்கார்ந்திருந்தால் நூறு வாக்கியம் பதிந்திருக்கலாம். ஒரு நல்ல மத்தியானம் போதுமாயிருந்தது. அந்த மத்தியானத்தை நான் ஸ்பிரிங்குக்குள் தொலைத்தேன்.

மே 18, சனி

இன்று எனக்கே பாதி புரியவில்லை. மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். நான்காவது தடவை அவர் விட்டுவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று இனி தெரியப் போவதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கண்ணால் எழுத்தைப் பார்த்தால் சொல்லாகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

குகநாதன் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். வைத்தியும் அவரும் ஏதோ போட்டி பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழில், மற்றவர் மெஷினுக்குள் இருக்கிற, பிபிசி அறிவிப்பாளன் போன்ற ஒருவனுடைய இங்கிலீஷில். வைத்தி சிரித்தார். சிரிப்பு மட்டும் இன்னும் அவருடையது.

குகநாதன் போனபின் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மெஷின் பேசியது. "ஆர் யூ டயர்ட், ரஞ்சனா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரஞ்சு என்று அடித்தால் அதற்குச் சரியாக வருவதில்லையாம், அதனால் மாற்றிக்கொண்டாராம்.

"யெஸ்" என்றேன். "எ லிட்டில்."

போர்வையை மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது. அவருக்குப் பேச்சுதான் போயிற்று, காது நன்றாகத்தான் கேட்கிறது. நான் தமிழில் சொல்லியிருக்கலாம்.