சுமதி போனில் சார்ஜ் நிற்கவில்லை

நவ. 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். கடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விட வேண்டும். போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கம்ப்ளைண்ட். அப்டேட் போட்டார்களாம், சார்ஜ் நிற்கவில்லையாம். நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பதில்:

"ரெண்டு நாள் பொறுங்க. அப்டேட் ஆனதும் போனு உள்ளார வேல செஞ்சிக்கினே இருக்கும். அப்பறமும் எறங்கனா செட்டிங்ஸ்ல பேட்டரின்னு கீது, அதத் தொறந்து எந்த ஆப்பு துன்னுதுன்னு பாருங்க. எல்லாத்துக்கும் மேல இருக்கறவன்தான் திருடன். அவன எட்த்துடுங்க."

பால் ஊற்றும் பெரியவர் ஒருவர்: "நைனா, எனக்கு டார்ச்சும் அலாரமும் போதும். மீதிய எல்லாம் நீயே வெச்சிக்கோ." எடுத்துவிட்டேன். சந்தோஷமாகப் போனார். எல்லோரும் இவர் மாதிரி இருந்தால் நான் கடையை மூடிவிட்டு ஏரியில் தூண்டில் போடலாம்.

சாயங்காலம் சுமதி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். போன் செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் அதற்கும் அப்டேட் போட்டேன். மெக்கானிக் பொண்டாட்டி போன் பழசாக இருக்கக் கூடாது என்று ஒரு கௌரவம்.

"காலைல ஃபுல்லா போட்டுக்கினுதான போனேன். கம்பெனி கேட்லயே வாங்கி லாக்கர்ல பூட்டிடறாங்க. சாயங்காலம்தான் கைல வருது. நான் தொடவே இல்ல, எவன் துன்றான் சார்ஜ?"

நியாயமான கேள்வி. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன்.

"பஸ் டிரைவர் சேகரண்ணா போனும் இதே மாடல்தான். அவரும் அப்டேட் போட்டாராம். அவர்து நல்லா நிக்கிதாம்."

அவன் போனில் சார்ஜ் எவ்வளவு நிற்கிறது என்பதுவரை இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரி சாம்பாரில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

நவ. 5, புதன்

மழை இல்லை, புழுக்கம். வேலை: டிஸ்ப்ளே ரெண்டு, சார்ஜிங் பின் ஒன்று, கேஸ் புக் பண்ணணும், ஷட்டர்.

இட்லி வாங்குகிற சாக்கில் காலையில் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கம்பெனி பஸ் நின்றுகொண்டிருந்தது. சேகர். தேய்த்த சட்டை, மீசைக்கு மை. "சுமதி, ஜன்னல் சீட்டு உனுக்குதான் வெச்சிக்கீறேன், ஏறு ஏறு." இவள் எதுவோ சொன்னாள். பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

பொறாமைதான். வேறு பேர் எதற்கு? வயிறு எரிகிறது. இட்லி இறங்கவில்லை.

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். பொங்கல் கழிந்து அவள் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு, போனை செட் பண்ணித் தருகிறேன் என்று வாங்கி, அதற்குள் ஒரு ஆப் போட்டேன். அவள் ஸ்க்ரீனில் அது தெரியாது. அவள் போன் எங்கே இருக்கிறதோ, என் போன் மேப்பில் ஒரு நீலப் புள்ளி. கேட்டால் சொல்வதற்கு பதில் தயார்: போன் தொலைந்தால் கண்டுபிடிக்க. மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரிதான் என்று எனக்கு நானே சமாதானம். மணி கட்டியிருப்பது மாட்டுக்காவது தெரியும்.

காலையில் புள்ளி பஸ் ஸ்டாண்டில். அப்புறம் வாலாஜாபாத். அப்புறம் கம்பெனி. அப்புறம் சாயங்காலம்வரை அசையாது. எனக்கும் தெரியும், அது சுமதி இல்லை, லாக்கர். இத்தனை மாதமாக ஒரு இரும்பு டப்பாவைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் சால்டரிங் பிடித்துக்கொண்டே அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் கை நடுங்காது.

இப்போது மதியத்துக்குள் புள்ளி அணைந்துவிடுகிறது.

திருடன் யார் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஆப்தான். அப்டேட்டுக்கு அப்புறம் அதற்கு எதுவோ ஒத்துவரவில்லை. இரும்பு லாக்கருக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கிடைக்கிறவரை தேடு தேடு என்று தேடித் தின்கிறது. எடுத்துவிட்டால் சார்ஜ் நிற்கும். எடுத்துவிட்டால் புள்ளி போய்விடும்.

நவ. 6, வியாழன்

நேற்று ராத்திரி சுமதி போனில் செய்தது: வெளிச்சம் குறைத்தேன். கறுப்பு ஸ்க்ரீன். 5ஜி நிறுத்தி 4ஜி. படம் தானாக இறங்குவதை நிறுத்தினேன். கேம் ரெண்டு (அவள் தங்கை மகன் போட்டது) தூக்கினேன். ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டேன். அதைத் தவிர எல்லாம்.

மதியம் புள்ளி போய்விட்டது.

கடையில் ஒரு அம்மா, வாத்தியார் வீட்டுக்காரம்மா, போனைக் காட்டி: "நீங்க சொன்னாமாரி அந்தத் திருடன எட்த்தேன்பா, கல்லு மாரி நிக்கிது." நல்லதும்மா என்றேன். உலகத்துக்கே வைத்தியம் பார்க்கிறேன்.

சுமதி லைன் லீடர் ஆகப்போகிறாளாம். பஸ்ஸில் கேக் வெட்டலாம் என்று பேச்சாம். "சேகரண்ணாதான் வாங்கியாறேன்னு சொன்னாரு." அண்ணா என்றுதான் சொல்கிறாள், அதில் தப்பு இல்லை. அண்ணா என்று சொல்லும்போது முகம் ஏன் அப்படி இருக்க வேண்டும். எனக்கு முதலில் சொல்லியிருக்கலாம்.

நவ. 7, வெள்ளி

இன்றைக்கு நான் செய்த காரியத்தைத் தொழில் தெரிந்த எவனும் செய்யமாட்டான். சாயங்காலம் அவள் வந்ததும், கஸ்டமருக்கு என்று வாங்கி வைத்திருந்த ஒரிஜினல் பேட்டரியைப் பிரித்து அவள் போனில் போட்டேன். நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பேட்டரி.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எனக்கு டார்ச் பிடித்தாள்.

"எனுக்கோசரம் புதுசா மாத்தறியா?"

"பின்ன இன்னா. நீ பேஜாராவறியே."

"நாளைக்கு பஸ்ல சொல்லணும். எங்க வூட்டுக்காரரு கையாலயே மாத்தனாருன்னு."

தோளில் கை வைத்தாள். எனக்குக் குனிந்த தலை நிமிரவில்லை. அப்போதே எடுத்திருக்கலாம், போன் திறந்து கையில் இருந்தது. எடுக்கவில்லை.

நவ. 8, சனி

மழை கொட்டுகிறது. மதியம் கரண்ட் இல்லை.

புது பேட்டரி கொஞ்சம் தாக்குப் பிடித்தது. சாயங்காலம் புள்ளி கம்பெனியை விட்டுக் கிளம்பியது. வாலாஜாபாத் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அப்புறம் அணைந்துவிட்டது.

எப்போதும் வரும் நேரம் தாண்டியது. ஒரு தெரியாத நம்பரிலிருந்து கால். ட்ரூகாலர் பேர் காட்டியது: சேகர் கம்பெனி பஸ்.

எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும். கோபத்தில் எடுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. பயம். எடுத்தால் என்ன காதில் விழுமோ என்று.

ஷட்டரை இழுத்துவிட்டு (இப்போது பார்த்து இறங்கமாட்டேன் என்கிறது) வண்டியை எடுத்தேன். ரெயின்கோட் இல்லை. வழி பூராவும் வாயில் வந்ததை எல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

பாலம் தாண்டி டீக்கடை. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. டயர் பஞ்சர். பெண்கள் எல்லாம் தகரக் கொட்டகைக்குள் ஒண்டியிருந்தார்கள். சேகர் சேற்றில் படுத்து ஜாக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். தேய்த்த சட்டை போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் சுமதி. அவன் போனை வாங்கி அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று எனக்கு டார்ச் பிடித்த அதே மாதிரி.

"புருசன்கிட்ட பேசறதுக்கு இவன் போனுதான் கெடச்சிதா ஒனக்கு?" என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னால்.

சுமதி நிதானமாக: "பேசறதுக்கு நீ எங்க எட்த்த?"

அப்புறம் டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள்.

"நீதான் எடுக்கவே இல்லியே. நான் இங்க கீறேன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"ஒரு குத்துமதிப்பா வந்தேன்."

"குத்துமதிப்பா."

சேகர் எழுந்து கையைத் துடைத்தான். "சார், மொதல்ல அவங்கள இட்டுக்கினு போங்க. ரொம்ப நனஞ்சிட்டாங்க." சார் என்றான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வண்டியில் வரும்போது அவள் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நவ. 9, ஞாயிறு

மூக்கு ஒழுகுகிறது. இஞ்சி டீ, நானே போட்டது.

சுமதி கடைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரவேமாட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து போனை சார்ஜில் போட்டாள்.

காவாந்தண்டலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அதே கம்ப்ளைண்ட். நானும் அதே பாட்டு: செட்டிங்ஸ், பேட்டரி, எந்த ஆப் என்று பார், மேலே இருக்கிறவன்தான் திருடன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் சுமதியும் அதையே செய்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெண் போனதும் தன் போனைக் கவுண்டர் மேல் வைத்தாள். கஸ்டமர் வைக்கிற மாதிரி.

"மேல ஒர்த்தன் கீறான். இவன நான் பாத்ததே இல்ல. யாரு இவன்?"

"அது சிஸ்டத்தோடது. தொடாத."

"நீதான சொன்ன, மேல இருக்கறவன் திருடன்னு."

அழுத்தினாள். மேப் திறந்தது. ரெண்டு புள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக, எங்கள் கடையில். ஒன்றில் அவள் பேர். இன்னொன்றில் என் பேர்.

ரெண்டையும் விரலால் விரித்துப் பார்த்தாள்.

"வேலைக்கு சேந்த நாள்லேந்தா?"

தலையாட்டினேன்.

"அப்ப இத்தினி நாளா லாக்கரயா பாத்துக்கினு இருந்த?" சிரித்தாள். பஸ்ஸில் கேட்ட சிரிப்பு இல்லை இது.

"போன் தொலஞ்சா கண்டுபுடிக்க..."

"போன் தொலயல."

இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். போனைத் தள்ளி வைத்தாள். "வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்." கண்ணாடிக்குள் இருந்த பட்டன் போனைக் காட்டினாள். "இது எத்தினி நாள் நிக்கும்?"

"நாலஞ்சு நாள் நிக்கும்."

"அத குடு. சிம்மும் புதுசா ஒண்ணு குடு. மத்தவங்களுக்கு போடறாமாரியே பில்லு போடு."

சிம் போடக் கைரேகை வைத்தாள். நம்பரை நான் பார்க்கக் கூடாது என்று மிஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்க்க முடியும், என் கடை, என் மிஷின். பார்க்கவில்லை. இதையாவது எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நவ. 10, திங்கள்

வெயில். துணி காய்ந்துவிட்டது.

நாஷ்டா எடுத்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தோசை, தக்காளிச் சட்னி. உப்பு சரியாக இருந்தது.

பழைய போன் ஃபிரிட்ஜ் மேல், சார்ஜரில். கடையிலிருந்து மேப்பைத் திறந்தேன். புள்ளி: வீடு. மதியம்: வீடு. டீ குடித்துவிட்டு வந்து: வீடு.

சாயங்காலம் வந்தாள். சாப்பாடு போட்டாள். நம்பர் என்ன என்று கேட்டேன்.

"ஒனக்கு இன்னாத்துக்கு நம்பரு? நீதான் குத்துமதிப்பாவே வருவியே."

பஸ்ஸில் எல்லோரிடமும் கொடுத்திருக்கிறாளாம், வண்டி வருகிற நேரம் சொல்வதற்கு. எல்லோரிடமும் என்றால் சேகரிடமும்தான். எரிகிறது. இன்னமும் எரிகிறது. இது எந்த பேட்டரியில் ஓடுகிறதோ தெரியவில்லை.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். மிக்சி போட்டுவிட்டாள்.

நவ. 11, செவ்வாய்

மறுபடி மழை. ஷட்டருக்கு எண்ணெய் விட்டாயிற்று. வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

வேலை: ஸ்பீக்கர் ஒன்று, டிஸ்ப்ளே ஒன்று. பால்காரப் பெரியவர் வந்து அலாரம் சத்தத்தை மாற்றிக்கொண்டு போனார். சார்ஜ் எப்படி என்றேன். "நிக்கிது நைனா. ஒண்ணுமே இல்லன்னா நிக்காம இன்னா பண்ணும்."

என் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடலாம் என்று ரெண்டு தடவை விரல் வைத்தேன். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று திறந்தேன். புள்ளி: வீடு. சார்ஜ்: ஃபுல். காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை.

நன்றாக இருட்டிவிட்டது. பாலத்துப் பக்கம் பேய்மழை என்று டீக்கடையில் சொல்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை. சேகர் நம்பர் போன சனிக்கிழமை மிஸ்டு காலில் இருக்கிறது. சுமதி நம்பர் என்னிடம் இல்லை.